சம்பந்தி வீட்டுக் கிணற்றுக்கு நிறம் ஏறவில்லை

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாயைத் திறக்காமலே கெட்டவர்.

நிலத்தடி நீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் மூத்த ஆய்வாளர். அங்கே அவருக்கு விலாங்கு என்று பெயர். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டிப் பிழைக்குமாமே, அதே விலாங்குதான். இந்தப் பெயரை வைத்தது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் விலாங்கு சார். இது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பிறவிக் குணம். பள்ளிக்கூடத்தில், ஜன்னல் கண்ணாடியை உடைத்தது யாரென்று வாத்தியார் பிரம்போடு கேட்டபோது, "உடைஞ்சுதான் சார் இருக்கு" என்று பதில் சொன்ன பையன். கல்யாணம் பேசும்போது அவருடைய அம்மா, "பொண்ணு பிடிச்சிருக்காடா?" என்று கேட்டார். "பிடிக்காம இல்லம்மா" என்றார். இந்த வாக்கியம் எப்படியோ மனைவியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாள் இத்தனை வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லியே அவரை வறுத்தெடுக்கிறார். ஓட்டலில் காபியா டீயா என்று கேட்டால்கூட, "எது சூடா இருக்கு?" என்று பரிமாறுகிறவர் தலையில் கட்டிவிடுவார்.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஆய்வுக்கூடம் தாய்வீடு. 'காணப்படக்கூடும்', 'மேலும் ஆராயத்தக்கது', 'இப்போதைக்குக் கூறுவதற்கில்லை' என்றெல்லாம் எழுதச் சம்பளம் தரும் இடம் வேறெங்கே உண்டு? அங்கே உண்டு இல்லை என்று பட்டென்று பேசியவர்கள் ஒவ்வொருவராகத் தூரத்துக் கிளைகளுக்குப் போனார்கள். பேசாத இவர் நாற்காலி நாற்காலியாக முன்னேறி, மின்விசிறிக்கு நேர் கீழே வந்து சேர்ந்தார்.

ஆனால் வேலையில் கெட்டிக்காரர். அதையும் சொல்லிவிட வேண்டும். கை நடுங்காது, கணக்குத் தப்பாது. குறிப்பாகத் தண்ணீரில் களைக்கொல்லி கலந்திருக்கிறதா என்று ஆன்டிபாடி வைத்துப் பார்க்கும் சோதனையில் அவரை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது.

இந்தச் சோதனையைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பயப்பட வேண்டாம், பஸ்ஸில் இடம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இதுவும் புரியும். ஆன்டிபாடி என்பது உடம்பில் நோய்க்கிருமியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறதே, அந்த வகை. இது களைக்கொல்லியைப் பிடிப்பதற்கென்றே உண்டாக்கியது. சோதனைக் குழாயின் உள்ளே இதை ஒட்டவைத்துத்தான் விற்பார்கள். இதுதான் பஸ் சீட். குழாயில் கிணற்றுத் தண்ணீரை விடுகிறோம். கூடவே நம் ஆட்கள் கொஞ்சம் பேரையும் ஏற்றுகிறோம். அவர்களும் களைக்கொல்லிதான், ஆனால் முதுகில் நிறம் உண்டாக்கும் மூட்டையைச் சுமப்பவர்கள். தண்ணீரில் விஷம் இல்லையென்றால் நம் ஆட்களே எல்லா சீட்டிலும் உட்கார்ந்துகொள்வார்கள். விஷம் இருந்தால் அது சீட்டைப் பிடித்துவிடும், நம் ஆட்கள் நிற்க வேண்டியதுதான். அப்புறம் குழாயை அலசினால் நிற்கிறவர்கள் எல்லாரும் வெளியே. கடைசியில் நிறமருந்தை விட்டால், உட்கார்ந்திருக்கும் நம் ஆட்கள் மட்டும் நீலம் காட்டுவார்கள்.

ஆகவே கணக்கு தலைகீழ். நல்ல தண்ணீர் கருநீலமாகும். கெட்ட தண்ணீர் வெளிறிப்போகும். ரொம்பவும் கெட்டது நிறமே ஏறாமல் பளிங்குபோல் நிற்கும்.

ஆன்டிபாடிக்கு ஒரு குறை உண்டு. களைக்கொல்லிகளில் ஒரே குடும்பத்துப் பங்காளிகள் பலர், எல்லாருக்கும் ஒரே முகஜாடை. வந்திருப்பது அண்ணனா தம்பியா சித்தப்பா மகனா என்று ஆன்டிபாடிக்குச் சொல்லத் தெரியாது. தலைமை ஆய்வுக்கூடத்தில் ஒரு பெரிய எந்திரம் இருக்கிறது, அதுதான் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். அங்கே சாம்பிள் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆன்டிபாடியிடம் விலாங்கு சாருக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் குறைதான். 'பங்காளியாகவும் இருக்கலாம்' என்று எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் பாருங்கள்.

அவருக்கு ஒரே மகள். அவளைக் கட்டிக்கொடுத்த இடம் ஊரின் மறுகோடியில், வயல்கள் தொடங்கும் தெருவில். சம்பந்தி லாரிப் பட்டறை நடத்தி ஓய்ந்தவர். வாழ்நாள் முழுக்க எஞ்சின் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேசியதால், ரகசியம் சொன்னாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். மனதில் இருப்பது வாய்க்கு வர நடுவில் எந்தத் தடையும் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் மரங்களும் ஒரு கிணறும் உண்டு. இரண்டு விஷயங்களில் அவருக்குப் பெருமை அடங்காது. ஒன்று, அந்தக் கிணற்றுத் தண்ணீர். இன்னொன்று, தோட்டத்தில் ஒரு புல் முளைக்காதது.

புல்லைக் கண்டால் அவருக்கு ஆகாது. மழை பெய்து ஓய்ந்ததும் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு களைக்கொல்லியோடு கிளம்பிவிடுவார். மனிதர் சுத்தக்காரர் வேறு. வேலை முடிந்ததும் தெளிப்பானை அப்படியே போடமாட்டார். கிணற்றடிக்குக் கொண்டுவந்து, கழுவிக் கழுவிக் கொட்டிக் கவிழ்த்துவைத்துவிட்டுத்தான் மறுவேலை.

விலாங்கு சாருக்கு இந்தச் சம்பந்தியைக் கண்டால் உள்ளூர நடுக்கம். காரணம் உண்டு. சம்பந்தியின் கூடப்பிறந்த தம்பி, ஒருமுறை தோட்டத்து மாம்பழம் லேசாகப் புளிக்கிறது என்று சொல்லிவிட்டார். அத்தோடு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோனது. மாம்பழத்துக்கே இந்தப் பாடு. பெண்ணைக் கொடுத்தவர் நாக்கை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றே கணக்குப் போட்டுவிட்டார். நடுக்கத்தோடு ஒரு குறையும் இருந்தது. விருந்தாளிகளிடம் சம்பந்தி இவரை அறிமுகம் செய்யும்போது, "தண்ணி டேங்க்ல ஏதோ வேலை பார்க்கிறார்" என்பார்.

இந்த நிலைமையில், வயலோரத் தெருக்களில் கிணற்று நீரைச் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. விலாங்கு சார் சம்பந்தியின் தெருவைத் தேர்ந்தெடுத்தார். மகள் மாசமாக இருந்தாள், மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை. அலுவலக வண்டியிலேயே போய்ப் பார்த்துவிட்டு வரலாம், சம்பந்திக்குத் தன் தொழில் இன்னதென்று காட்டியும் விடலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சாம்பிளை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பதுதான் அவர் வழக்கம். அன்று குழாய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கே வந்துவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அது இப்படித்தான் ஆரம்பிக்கும்.

தெருவில் வீட்டுக்கு வீடு பிடித்த தண்ணீர், கடைசியில் சம்பந்தி கிணற்றுத் தண்ணீர். குழாய்கள் வரிசையாக நின்றன. விலாங்கு சார் கையுறை போட்டுக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டார், காத்திருந்தார், அலசினார், துணியில் தட்டினார். சம்பந்தி வாயைப் பிளந்து பார்த்தார். சம்பந்தியம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். மகள் இடுப்பில் கையூன்றிக்கொண்டு, "எங்கப்பா எப்படி?" என்கிற முகத்தோடு மாமியாரைப் பார்த்தாள். விலாங்கு சாருக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

நிறமருந்தை விட்டார். ஒவ்வொரு குழாயாக நீலம் பூத்தது. பால்காரர் வீடு நீலம். டீச்சர் வீடு கருநீலம். முனை வீடு நீலம். சம்பந்தியின் குழாய் மட்டும் அப்படியே நின்றது. விலாங்கு சார் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு இழை நிறம்கூட இல்லை. மெல்ல வரிசையில் திருப்பி வைத்தார்.

"அடேங்கப்பா!" என்று சம்பந்தி மேஜையைத் தட்டினார். "பார்த்தியாம்மா? தெருவே நீலம் பூத்துக் கிடக்கு. நம்ம தண்ணி மட்டும் கண்ணாடி! நான் சொன்னா யாரும் நம்பமாட்டேன்னாங்களே. இப்போ விஞ்ஞானமே சொல்லிடுச்சு!"

விலாங்கு சார் வாயைத் திறந்தார். "அது... சம்பந்தி... நிறம்ங்கிறது ஒரு வகையில..."

"ஒரு வகையில என்ன? எல்லா வகையிலயும் நம்மதுதானே நல்ல தண்ணி?"

இங்கேதான் ஒரு மனிதன் ஒரே ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். 'இல்லை' என்ற சொல். சின்னக் குழந்தைகூடச் சொல்லும். விலாங்கு சார் மகளைப் பார்த்தார், மாம்பழத் தம்பியை நினைத்தார்.

"பார்க்கிறதுக்கு அப்படித்தான் தெரியுது" என்றார்.

சம்பந்தி போனை எடுத்துக் குழாய் வரிசையைப் படம் பிடித்தார். தெருக்காரர்கள் குழுவுக்கு அனுப்பினார். கீழே, 'லேப் சம்பந்தி நேரில் வந்து சோதித்தது' என்று ஒரு குரல்பதிவும் சேர்த்தார். அது வேண்டியதே இல்லை, ஜன்னலைத் திறந்து வைத்துப் பேசியதால் தெருவில் பாதி ஏற்கெனவே கேட்டுவிட்டது.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் அதே தண்ணீரை மறுபடி போட்டுப் பார்த்தார். நிறம் ஏறவில்லை. வேறு பெட்டிக் குழாயில் பார்த்தார். நல்ல தண்ணீர் கலந்து நீர்க்கவைத்துப் பார்த்தபோதுதான் லேசாக ஒரு நீலம் எட்டிப்பார்த்தது. அத்தனை களைக்கொல்லி. பதறிப்போய்த் தலைமை ஆய்வுக்கூடத்துக்கு சாம்பிளை அனுப்பிவைத்தார். அனுப்பியதும் பழைய நிம்மதி திரும்பியது. பெரிய எந்திரம் சொல்லட்டும், அது வரைக்கும் நாம் யார்?

ஆய்வுக்கூடத்துத் தலைவி கறாரான பெண்மணி. "உறுதியாகறவரைக்கும் குடிக்க வேண்டாம்னு அந்த வீட்டுல சொல்லிட்டீங்கதானே?" என்று கேட்டார். அது அங்கே எழுதாத சட்டம்.

"சொல்லியாச்சு மேடம்" என்றார் விலாங்கு சார்.

ஆயுள் முழுக்க வளைத்து வளைத்துப் பேசியவர் ஒரே ஒரு தடவை நேராகப் பேசினார். அதுவும் பச்சைப் பொய்.

அதன்பிறகு அவர் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் பாவமாகவும் இருக்கும், ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருக்கும். மகளுக்குப் போன் போட்டு, "பால் நிறையக் குடிம்மா. பழச்சாறு குடி. வெறும் தண்ணியில என்ன சத்து இருக்கு?" என்றார்.

"டாக்டர் நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காங்கப்பா" என்றாள் மகள். "மாமா தினமும் செம்பு நிறைய மொண்டு வச்சுடறார். குடிச்சேனா இல்லையான்னு செக் பண்ணிட்டுத்தான் தூங்கவே போறார்."

"கொஞ்ச நாள் இங்க வந்து இரேன்."

"போன வாரம்தானே வந்துட்டுப் போனேன்? என்னப்பா ஆச்சு உங்களுக்கு?"

ஒன்றும் ஆகவில்லை என்றார்.

அடுத்து, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கருவி களைக்கொல்லியை எந்த அளவுக்குப் பிடிக்கும் என்பது அவருக்கே சந்தேகம். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. சம்பந்தி பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எதுக்கு சம்பந்தி இது? நீங்களேதானே டெஸ்ட் பண்ணிச் சொன்னீங்க? நம்ம தண்ணிக்கே ஃபில்டரா? முனை வீட்டுக்காரர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தார். அவருக்குக் குடுத்துடலாம், பாவம், அவர் வீட்டுத் தண்ணி நீலம்" என்றார்.

முனை வீட்டுக்காரரின் நல்ல தண்ணீருக்கு ஒரு சுத்திகரிப்புக் கருவி கிடைத்தது.

அது மட்டுமல்ல. வாசலில் விலாங்கு சார் கண்ட காட்சி இன்னும் மோசம். காம்பவுண்டுச் சுவரில் சம்பந்தி புதிதாக ஒரு குழாய் வைத்திருந்தார். தெருக்காரர்கள் குடத்தோடும் கேனோடும் வரிசையில் நின்றார்கள். பால்காரர் இருந்தார், டீச்சர் இருந்தார். தெருக்கோடியில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்து அம்மாள் கேன் கேனாகப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நல்ல தண்ணீர்க்காரர்கள் எல்லாரும் தங்கள் நல்ல தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுக் கெட்ட தண்ணீருக்கு முட்டிக்கொண்டு நின்றார்கள். படம் அப்படிச் சொல்லிற்று, அவர்கள் என்ன செய்வார்கள்?

"வாங்க சார்!" என்று டீச்சர் கும்பிட்டார். "நீங்க மட்டும் அன்னைக்கு வரலைன்னா அந்த நீலத் தண்ணியையே குடிச்சிட்டிருந்திருப்போம்."

விலாங்கு சார் பதிலுக்குக் கும்பிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. இவர் ஒரு கிணற்றையே கும்பிட்ட கைக்குள் மறைத்தார்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மனைவி எதிரே உட்கார்ந்தார். அந்த அம்மாளுக்கு ஆன்டிபாடி தெரியாது. ஆனால் புருஷன் எதையோ மென்று முழுங்குகிறார் என்பது தெரியும். இத்தனை வருஷம் அதைப் பார்த்துத்தானே குடும்பம் நடத்துகிறார்.

"என்னங்க? சொல்லப் போறீங்களா, இல்ல நானே அங்க போன் பண்ணிக் கேக்கட்டுமா?"

"ஒண்ணுமில்லை. சம்பந்தி கிணத்துத் தண்ணி... கொஞ்சம்... நிறம் சரியா வரலை."

"தமிழ்ல சொல்லுங்க."

"களைக்கொல்லி இருக்குற மாதிரி தெரியுது. ஆனா அது பங்காளியாக்கூட இருக்கலாம். ஒரே குடும்பத்துல நிறைய இருக்கு. இது அதுதானான்னு உறுதியா..."

"பங்காளியா இருந்தா மட்டும் குடிக்கலாமா?"

விலாங்கு சார் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். இத்தனை வருஷ ஆய்வில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"கூடாதுதான்" என்றார்.

"நம்ம பொண்ணு வயித்துல புள்ளையோட அதைத்தானே குடிச்சிட்டிருக்கா?"

"ம்."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

அவர் சொன்னார். அந்த அம்மாள் கத்தவில்லை. தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவும் தொட்டியில் போட்டார். சேலையை மாற்றக்கூட இல்லை, செருப்பை மாட்டினார். "கிளம்புங்க" என்றார். ஆட்டோவில் ஏறிய பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "வாசல்ல இறங்குறதுக்குள்ள நீங்க சொல்ல வேண்டியதை யோசிச்சுக்குங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். ஆனா நான் சொன்னா, நீங்க சொல்லலைங்கிறதையும் சேர்த்துத்தான் சொல்லுவேன்."

சம்பந்தி வீட்டில் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். மகள் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். பக்கத்தில் முக்காலி, அதன்மேல் செம்பு. சம்பந்தி எழுந்து வரவேற்றார்.

விலாங்கு சார் உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். ஆன்டிபாடியில் தொடங்கினார். பஸ் சீட், நம் ஆட்கள், நிற்கிறவர்கள், இறங்குகிறவர்கள் என்று வந்தார். சம்பந்தி பட்டறைக்காரர் அல்லவா, எந்திர விஷயமென்றால் ரசிப்பார். "அப்ப விஷம் இருந்தா நம்மாளுக்கு சீட் இல்லை? அட, சபாஷ்!" என்று தொடையைத் தட்டினார். விலாங்கு சார் பங்காளிகளிடம் போனார். பங்காளிகளிடமிருந்து பெரிய எந்திரத்துக்குப் போனார். அங்கிருந்து வேறெங்கே போகலாம் என்று பார்த்தபோது, மனைவி அவர் முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்தார்.

"உங்க கிணத்துல களைக்கொல்லி இருக்கு சம்பந்தி" என்றார் விலாங்கு சார். "நிறம் ஏறாததுதான் கெட்ட தண்ணி. தெருவுல மத்த எல்லாமே நல்ல தண்ணி."

சம்பந்தியின் முகம் சிவந்தது. விலாங்கு சார் கண்ணை மூடிக்கொண்டார். சம்பந்தம் முறிந்தது, பெண் பெட்டியோடு நிற்கப்போகிறாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். கண்ணைத் திறந்தபோது சம்பந்தி கூடத்தில் இல்லை. பின்பக்கம் ஓடியிருந்தார். மோட்டார் நின்றது. பிறகு வாசல் பக்கம் அவர் குரல் எழுந்தது.

"யாரும் பிடிக்காதீங்க! பிடிச்சதைக் கொட்டுங்க! எங்க தண்ணிலதான் விஷம். உங்க எல்லார் தண்ணியும் நல்லது. நான்தான் படத்தைத் தலைகீழா பார்த்துட்டேன்! ஏம்மா, காப்பகத்துல புள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க, ஓடுங்க!"

திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "நான்தான் கெடுத்தேன்" என்று மனைவியிடம் சொன்னார். "மருந்து தெளிக்கிற டப்பாவை அங்கதானேடி கழுவுவேன்? முட்டாப்பய நான். இந்தப் புள்ளைக்கு நானே மொண்டு மொண்டு வச்சேனே." எல்லார் முன்னாலும் அழுதார். அழும்போதும் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்டது.

விலாங்கு சார் எதற்குப் பயந்தாரோ அது அங்கே இல்லவே இல்லை. மாம்பழத்துக்குக் கோபித்த மனிதர், விஷத்துக்குக் கோபிக்கவில்லை. ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அன்றைக்கே, மேஜை முன்னால், குழாயைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கலாம். இதை நினைத்தபோது அவருக்கு ஆறுதலாக இல்லை. இதைவிடச் சம்பந்தி அடித்துத் துரத்தியிருந்தால் நன்றாயிருக்கும் என்று பட்டது.

மகள் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பப்பா தெரியும் உங்களுக்கு?"

விலாங்கு சார் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அன்னைக்கே" என்றார். "உறுதியாகட்டும்னு பார்த்தேம்மா. பெரிய மெஷின் ரிசல்ட்டு..."

"பால் குடி, பழச்சாறு குடின்னு போன் பண்ணீங்களே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"ஃபில்டர் கொண்டு வந்தீங்களே, அப்பவும்?"

"சம்பந்தி கோவிச்சுக்குவாரோன்னு..."

"மாமா தெரியாம குடுத்தார்" என்றாள் மகள். சம்பந்தியம்மா அவளைக் கைத்தாங்கலாக எழுப்பி உள்ளே கூட்டிப்போனார். "எங்க வீட்டுக்கு வந்துடும்மா" என்று அம்மா கேட்டதற்கு, "இங்கயே இருக்கேம்மா, டீச்சர் வீட்டுத் தண்ணி நல்லதுதானே" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

டாக்டரிடம் போனார்கள். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது, அந்தத் தண்ணீரை நிறுத்தியது நல்லது, அடிக்கடி வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். அதற்குமேல் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்த வாக்கியத்தை அலுவலகத்தில் எத்தனையோ முறை எழுதியவர்தான் விலாங்கு சார். டாக்டரின் அறையில் அதைக் கேட்க அவருக்குத் தாங்கவில்லை. ஆய்வுக்கூடத்துத் தலைவியிடம் போய்த் தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார். தலைவி அவரை மின்விசிறிக்குக் கீழேயிருந்து எடுத்து, பாட்டில் கழுவும் அறையை ஒட்டிய மேஜைக்கு மாற்றினார்.

பெரிய எந்திரத்தின் முடிவு வந்தது. அதே களைக்கொல்லி, பங்காளி கிங்காளி ஒன்றும் கிடையாது, வரம்பைவிடப் பல மடங்கு. விலாங்கு சார் அதை எடுத்துக்கொண்டு தானே சம்பந்தி வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் ஒத்திகை. இந்தத் தடவை ஆன்டிபாடி வேண்டாம், பஸ் சீட் வேண்டாம், நேராகச் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை நேராகப் பேசிக் காட்டிவிட்டால் மகள் மனது மாறும் என்று நம்பினார்.

சம்பந்தி கிணற்றை மூடி வைத்திருந்தார். கிணற்றடி மண்ணை வெட்டி வெளியேற்ற ஆள் பேசியிருந்தார். தோட்டத்தில் புல் முளைத்திருந்தது. மகள் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது.

"ரிசல்ட் வந்துடுச்சும்மா" என்றார் விலாங்கு சார்.

"கிணத்தை இறைச்சுக் கழுவிட்டா அப்புறம் குடிக்கலாமான்னு அத்தை கேட்டாங்க" என்றாள் மகள், துணியைப் பார்த்துக்கொண்டே. "குடிக்கலாமா, கூடாதா?"

"கூடாது" என்றார்.

சட்டென்று சொன்னார். முன்னால் ஒரு இழுவை இல்லை, பின்னால் ஒரு வால் இல்லை. அவர் ஆயுசில் இப்படி ஒரு பதில் சொன்னதில்லை. சொல்லிவிட்டு மகள் முகத்தைப் பார்த்தார்.

மகள் மடித்த துணியை அடுக்கில் வைத்தாள். வாசல்படியில் நின்றிருந்த சம்பந்தியின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்ன மாமா சொல்றீங்க?"

சம்பந்திக்குச் சங்கடமாகப் போயிற்று. "அப்பாதான் சொல்றாரேம்மா. நான் என்ன படிச்சவனா?"

"நீங்க சொல்லுங்க மாமா."

சம்பந்தி விலாங்கு சாரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் குரல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

"கூடாதும்மா."

"சரி மாமா" என்றாள் மகள். அடுத்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.